சந்து வழியாக ஒரு சீர்வரிசை

அண்ணி, காலையிலிருந்து என் சமையலறை ஜன்னல் வழியாகப் பெயின்ட் வாசனை வந்துகொண்டே இருக்கிறது. ரசத்துக்குப் போட்ட பெருங்காயம்கூட அதன் முன்னால் தோற்றுப்போயிற்று. உங்கள் வீட்டுக்கு வண்ணம் அடிக்கிறார்கள். மாசியில் யாரோ குடிவரப் போகிறார்கள். சேலத்துக்காரர்களாம், கணவன் மனைவி இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. என் வீட்டுக்காரர், அதான் உங்கள் தம்பி, பார்த்துப் பேசி முடித்துவிட்டார். நான் இன்னும் அவர்களைப் பார்க்கவில்லை.

பெயின்டர் கொல்லைப் பக்கமாக வந்து, "அம்மா, வெனக இன்டிகி ஏ கலரு?" என்று கேட்டான். பின் வீட்டுக்கு என்ன நிறம் என்று தெலுங்கில் கேட்கிறான். அவன் மேல் தப்பில்லை. ஒரே மனையில் முன்னால் ஒரு வீடும் பின்னால் ஒரு வீடும் இருந்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. "அதி வெனக இல்லு காது. மா வதின இல்லு" என்றேன். அது பின் வீடு இல்லையப்பா, எங்கள் அண்ணி வீடு. அவன் கொஞ்சமும் அசராமல், "சரே அம்மா, மீ வதின இன்டிகி ஏ கலரு?" என்று திருப்பிக் கேட்டான். அந்தக் கேள்விக்காகவே நீங்கள் அவனுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்திருப்பீர்கள். நான் நிறம் எதுவும் சொல்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இங்கே மல்காஜ்கிரியில் கஜக் கணக்கில் மனை விற்றுக்கொண்டிருந்த காலத்தில் மாமனார் இந்த இடத்தை வாங்கினார். தெருவை ஒட்டி வீட்டைக் கட்டிவிட்டுப் பின்பாதியை அப்படியே போட்டுவிட்டார். நான் குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது அங்கே ஒரு சீத்தாப்பழ மரமும் ஒரு துவைக்கிற கல்லும்தான் இருந்தன. மாமனார் போன பிறகு வேலைக்குப் போய் வீட்டைத் தாங்கியதும் தம்பியைப் படிக்க வைத்ததும் நீங்கள்தான். உறவுக்காரர்கள் யாராவது வந்து, "தம்பிக்காகவே வாழ்க்கையத் தியாகம் பண்ணிட்டா" என்று ஆரம்பித்தால் போதும், உங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "தியாகமும் இல்ல, தேங்காயும் இல்ல. வந்த மாப்ள எவனையும் புடிக்கல. அவ்ளோதான்" என்பீர்கள். அந்த மாப்பிள்ளைகளில் ஒருவர் மோர் குடிக்கும் சத்தம் தெருமுனை வரை கேட்டதாம். அந்தக் கதையை எத்தனை தடவை சொன்னாலும் நான் சிரிப்பேன் என்பதால் அடிக்கடி சொல்வீர்கள்.

எங்கள் கல்யாணம் ஆன கையோடு நீங்கள் மௌலா அலிப் பக்கம் நர்சுகள் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோய்விட்டீர்கள். ஒரு அறையில் இரண்டு பேர். பார்க்க வருகிறவர்களை உள்ளே அழைத்துப் போகக்கூடாது. வெளியே போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார வைத்துத்தான் பேச வேண்டும். நானும் இவரும் வந்தால் அந்தப் பெஞ்சில்தான் உட்காருவோம். நீங்கள் கேன்டீனிலிருந்து டீ வாங்கி வருவீர்கள். உங்கள் கட்டில் எந்தப் பக்கம் இருந்தது, எந்த ஜன்னல் உங்களுடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வருவீர்கள். நீங்கள் செருப்பைக் கழற்றும்போதே நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாங்க அண்ணி" என்பேன். உங்கள் அப்பா கட்டிய வீடு. நீங்கள் நடை பழகிய தரை. நேற்று வந்த நான் உங்களை வாங்க என்று கூப்பிடுகிறேன். அப்படித்தான் கூப்பிட வேண்டும், கூப்பிடாவிட்டால்தான் மரியாதைக் குறைவு. நீங்களும் சிரித்துக்கொண்டே உள்ளே வருவீர்கள். அந்தச் சிரிப்புக்குள் ஒரு ஆசை இருந்தது எனக்கு வெகுகாலம் தெரியாமல் போயிற்று.

நீங்கள் ஓய்வுபெறும் வருடம் உங்கள் தம்பி உங்களைவிட அதிகமாகப் பரபரத்தார். முன் அறையைக் காலிசெய்தார், புதுக் கட்டில் வாங்கிப் போட்டார், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தீர்கள், எழுந்தீர்கள், கொசுவலையைத் தட்டிப் பார்த்தீர்கள்.

"நல்லா இருக்குடா. வர்ற விருந்தாளிங்களுக்கு ஆகும்."

"யாருக்கா விருந்தாளி? இது உன் ரூம்பு."

"எனக்கு ரூம்பு நக்கோ. ரூம்புலயே இருந்து இருந்து அலுத்துப்போச்சு. பின்னாடி எடம் சும்மாதான கெடக்குது, அங்க ஒரு வூடு கட்டிக்கறேன். சின்னதா. என் காசுலயே."

அவர் முகம் கறுத்துப்போயிற்று. வேண்டாம் என்பதை நீங்கள் நக்கோ என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் பேசினார். இந்த ஊரில் வீட்டுக்குப் பின்னால் கட்டுவது எதற்கு? வாடகைக்கு விட. ரெண்டு பையன்கள் தங்கி வேலைக்குப் போக ஒரு போர்ஷன். இல்லாவிட்டால் ஓட்டை உடைசலைப் போட்டு வைக்க ஒரு ஷெட். "படிக்க வெச்ச அக்காவ ஷெட்ல தள்ளிட்டான்னு சொல்ல மாட்டாங்களா? நம்ம சொந்த ஊரு அரக்கோணத்துல நான் தலை காட்ட முடியுமா?" என்றார்.

"அப்ப நேரேட்மெட்ல எங்கயாவது வாடகைக்குப் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு நீங்கள் பையை எடுத்துக்கொண்டீர்கள். சாப்பிடாமல் போனீர்கள். நீங்கள் இங்கே சாப்பிடாமல் போன ஒரே ஞாயிறு அதுதான்.

மறு ஞாயிறும் வரவில்லை. நான் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். பெஞ்சில்தான் உட்கார்ந்தோம். உங்களோடு வம்பு பண்ண நான் தயங்கியதே இல்லை. "எங்ககூட இருக்கறதுக்கு உங்களுக்கு அப்பிடி என்ன கஷ்டம்? நான் சோறு போட மாட்டேனா?" என்று கேட்டேன்.

"போடுவே. நல்லாவும் போடுவே. அது இல்லம்மா." டீ கிளாசைப் பெஞ்சில் வைத்தீர்கள். "எல்லாரும் என்ன வாங்க வாங்கன்னு கூப்புட்டாச்சு. போன எடத்துல எல்லாம் நல்லாத்தான் கூப்புட்டாங்க. நான் ஒருத்தரையும் கூப்புட்டதில்ல. ஒரு கதவு, நான் போய் தொறக்கணும். நின்னு, வாங்கன்னு சொல்லணும். சாவறதுக்குள்ள. இத அவன்கிட்ட எப்படிச் சொல்றது? சிரிப்பான்."

அவர் சிரித்திருக்க மாட்டார். ஆனால் நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டி பிடித்து வீட்டுக்கு வந்து சேரும் வரை அந்த ஒரு வார்த்தைதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை யோசிக்காமல் சொல்கிற வார்த்தை. பால்காரருக்கு, பக்கத்து வீட்டுக்காரிக்கு, கேஸ் கொண்டு வருகிறவருக்கு.

உங்கள் தம்பியிடம் அதை அப்படியே சொல்லவில்லை. அவருக்கு மானப் பிரச்சினை. மானத்துக்கு மானத்தால்தான் மருந்து போட வேண்டும். சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டேன்.

"உங்க அக்காவுக்கு எப்பவாவது சீர் எடுத்துட்டுப் போயிருக்கீங்களா?"

"என்ன சீரு? அதுக்கு எங்க கல்யாணம் ஆச்சு?"

"எங்க அண்ணன் வருஷா வருஷம் பொங்கலுக்கு ரயிலேறி வந்து எனக்கு வெச்சுக் குடுக்குதே. உங்களுக்குக் கூடப்பொறந்த அக்கா இருந்தும் ஒரு தட்டத் தூக்கின கையா உங்க கை? அக்காவுக்குன்னு ஒரு வூடு இருந்தாத்தான தம்பி சீர் கொண்டுபோவ முடியும். ஷெட்டுக்கு யாரும் சீர் கொண்டுபோவ மாட்டாங்க. நீங்க தட்டு எடுத்துட்டுப் போனீங்கன்னா அது வூடுதான். அரக்கோணத்துல யாரும் வாயத் தொறக்க முடியாது."

அவர் மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்து போனார். காலையில் நான் கொல்லைக் கதவைத் திறந்தால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டேப்பை நீட்டி இடத்தை அளந்துகொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும், "மரத்த வெட்டாம கட்ட முடியுமான்னு பார்க்கறேன்" என்றார், யாரோ அவரிடம் விளக்கம் கேட்ட மாதிரி.

வீட்டைக் கட்டிய யாதகிரி மேஸ்திரியை உங்களுக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று. முதல் நாளே சண்டையும் வந்துவிட்டது. வாசலைக் கிழக்கே வைக்க வேண்டும் என்றார் அவர். "தூர்ப்பு வாகிலி சால மஞ்சிதி அக்கா." கிழக்கு வாசல் ரொம்ப நல்லது. நல்லதுதான். ஆனால் கிழக்கே வாசல் வைத்தால் அது எங்கள் கொல்லையைப் பார்த்துத் திறக்கும். உங்களைப் பார்க்க வருகிறவர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, சமையலறையைத் தாண்டி, துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

"நக்கோ."

"கைக்கு அக்கா?" ஏன் வேண்டாம் என்று கேட்கிறார்.

"வடக்குல வை. அங்க குபேரன் இருக்காரு. ஏன், உங்க வாஸ்துல அவரு இல்லையா?"

குபேரனை மறுக்க மேஸ்திரிக்கு வாய் வரவில்லை. வடக்குச் சுவரை ஒட்டி எங்கள் ஸ்கூட்டரும் தண்ணீர் டிரம்மும் நின்ற இடத்தைக் காலி செய்து ஒரு சந்து விட்டோம். தெருவில் காம்பவுண்டுச் சுவரை உடைத்து உங்களுக்கென்று ஒரு சின்ன கேட். அதைத் திறந்து சந்து வழியாக நேரே நடந்தால் உங்கள் வாசல். எங்கள் வீட்டின் மேல் கண்கூடப் படாது. மேற்கே இருக்கிற கட்டடம் உயரமாக இருக்க வேண்டும் என்று மேஸ்திரி தன் பங்குக்கு ஒரு பிடிவாதம் பிடித்து உங்கள் தளத்தை ஒரு படி ஏற்றிக் கட்டினார். அதற்கு நீங்கள் மறுப்பே சொல்லவில்லை. "பார்த்தியா, உன் வூட்டவிட என் வூடு உசரம்" என்று கடைசி வரைக்கும் சொல்லிக் காட்டினீர்கள்.

உங்கள் அடுப்படி ஜன்னலும் என் அடுப்படி ஜன்னலும் நேருக்கு நேராக அமைந்தது யார் போட்ட திட்டமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே சீத்தாப்பழ மரம். இங்கிருந்து கை நீட்டினால் அங்கே எட்டாது, குரல் எட்டும்.

புதுமனை புகுவிழா அன்று உங்கள் தம்பியைப் பார்த்திருக்க வேண்டுமே என்று எழுத வந்தேன். நீங்கள்தானே பார்த்தீர்கள், நான் எழுதி என்ன! ஆனாலும் எழுத வேண்டும் போல் இருக்கிறது. பட்டு வேட்டி, தோளில் துண்டு. எங்கள் கூடத்தில் தட்டுகளை வரிசையாகப் பரப்பியிருந்தோம். புடவை, மஞ்சள், குங்குமம், தேங்காய், பழம், வெல்லம், அரிசி, ஒரு குத்துவிளக்கு. கொல்லை வழியாகப் போனால் பத்து எட்டில் உங்கள் வீடு. அவர் முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கினார். பின்னால் நான், என் அண்ணன், எங்கள் பெண், அக்கம்பக்கத்தவர்கள், ஆளுக்கொரு தட்டு. நேரே உங்கள் கேட்டுக்குள் திரும்பாமல் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போய்ச் சுற்றி வந்தார். பக்கத்து வீட்டு ரெட்டி காரு பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்து, "ஏமி பங்ஷன் அண்ணா?" என்று கேட்டார். "மா அக்க இன்டிகி சீர் தீஸ்கெள்துன்னாம்" என்றார் இவர். எங்கள் அக்கா வீட்டுக்குச் சீர் கொண்டுபோகிறோம். அதைச் சொல்லும்போது அவர் குரல் இருந்த இருப்பு! எங்கள் கல்யாணத்தில்கூட அவர் அவ்வளவு மிடுக்காக நடக்கவில்லை.

சந்துக்குள் தட்டுகளோடு ஒவ்வொருவராகத்தான் வர முடிந்தது. கடைசியில் நீங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தீர்கள். தலையில் பூ. உங்களை நான் பூ வைத்துப் பார்த்தது குறைவு. ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். தம்பி முன்னால் வந்து நின்றார். நீங்கள் வாயைத் திறந்தீர்கள், வார்த்தை வரவில்லை. நாங்கள் தட்டுகளோடு வெயிலில் நிற்கிறோம். பிறகு வந்தது.

"வாங்க. எல்லாரும் வாங்க."

தம்பியை வாழ்நாளில் அன்று ஒருநாள்தான் நீங்கள் மரியாதை போட்டுக் கூப்பிட்டீர்கள்.

எங்கள் உறவில் யார் வீட்டுக் கிரகப்பிரவேசம் என்றாலும் பால் காய்ச்சுவது நாத்தனார் உரிமை. இந்த வீட்டுக்கு உங்கள் அத்தைதான் காய்ச்சினாராம். உங்கள் வீட்டுக்கு யார் என்று ஐயர் கேட்டபோது எல்லோரும் முழித்தார்கள். நீங்கள் என் கையைப் பிடித்து அடுப்பின் முன்னால் நிறுத்தினீர்கள். "நான் இவளுக்கு நாத்தனார்னா இவ எனக்கு நாத்தனார்தான? காய்ச்சும்மா" என்றீர்கள். பால் பொங்கி அடுப்பில் வழிந்ததும் முதலில் கை தட்டியது நீங்கள்தான்.

அதற்குப் பிறகு நீங்கள் எனக்குச் செய்த கொடுமை இருக்கிறதே! ஜன்னலில் நின்று, "அண்ணி, கறிவேப்பிலை இருக்குதா?" என்று கேட்பேன். "இருக்குது, வா" என்பீர்கள். நான் கொல்லை வழியாகப் பத்து எட்டில் வந்து வாங்கிக்கொண்டு போக முடியும். விட மாட்டீர்கள். "கேட்டு வழியா வா." நான் அடுப்பை அணைத்து, வீட்டைச் சுற்றி, தெருவில் இறங்கி, உங்கள் கேட்டைத் திறந்து, சந்தில் நடந்து, பெல் அடிக்க வேண்டும். உடனே கதவு திறக்காது. உள்ளே நீங்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருப்பீர்கள். அப்புறம் திறந்து, என்னை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பதுபோல, "வா வா வா. உக்காரு" என்பீர்கள். டீயைச் சாசரில் வைத்துக் கொடுத்து, "சர்க்கரை போதுமா?" என்று வேறு கேட்பீர்கள். எனக்கு எவ்வளவு சர்க்கரை என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் மழையில் நனைந்துகொண்டு வந்து சண்டை போட்டேன். "கறிவேப்பிலைக்கு நான் ஊர்கோலம் வரணுமா?"

"கொல்லையில வந்தா நீ வூட்டு மனுஷி. அது எனக்கு எப்பவும் இருக்குது, எங்கயும் போவாது. வாசல்ல வந்தாத்தான் விருந்தாளி. எனக்கு விருந்தாளி வேணும்" என்றீர்கள். துண்டை எடுத்து என் தலையைத் துவட்டிவிட்டீர்கள். திரும்பும்போது கேட் வரை வந்து வழியனுப்பினீர்கள், நான் ஏதோ பம்பாய்க்குப் போகிற மாதிரி. வீட்டுக்குள் நுழைந்து அடுப்பைப் பற்றவைத்தால் எதிர் ஜன்னலில் நின்று, "போய்ச் சேர்ந்தியா?" என்கிறீர்கள்.

உங்களோடு வேலை பார்த்த நர்சுகள் வருவார்கள். மேரி சிஸ்டர் வருவார். எங்கள் பெண் படிக்கிறேன் என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு அங்கே ஓடிவிடுவாள். என்னிடம் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பதில் சொல்கிறவள் உங்களிடம் மட்டும், "அத்தை, உள்ள வரலாமா?" என்று சுத்தத் தமிழில் கேட்பாள். அப்படிக் கேட்டால்தான் முறுக்கு கிடைக்கும் என்று பழக்கி வைத்திருந்தீர்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் உங்கள் தம்பி கரும்பும் மஞ்சள் கொத்தும் தட்டுமாகத் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தார். முட்டிவலி வந்த பிறகும் வந்தார்.

உடம்பு முடியாமல் போனதை நீங்கள் மறைத்தது எனக்குத் தெரியும். நர்ஸ் இல்லையா, எங்களுக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெல் அடித்த பிறகு கதவு திறக்க நேரமாகிக்கொண்டே போயிற்று. நான் சந்தில் நின்றுகொண்டு உள்ளே செருப்புத் தேயும் சத்தத்தைக் கேட்பேன். சாவியைக் கொடுங்கள், நானே திறந்து வருகிறேன் என்று கேட்க நினைப்பேன். கேட்கவில்லை.

ஒருநாள் காலை இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு, வருகிறேன் என்று ஜன்னலில் சொன்னேன். நீங்கள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தீர்கள்.

"ஏம்மா, கொல்லை வழியாவே வந்துடு."

அவ்வளவுதான் சொன்னீர்கள். நான் சரி என்று சொல்லிவிட்டுக் கொல்லையில் இறங்கினேன். துவைக்கிற கல் வரைக்கும்தான் கால் போயிற்று. தட்டை அதன் மேல் வைத்துவிட்டு, உங்களுக்குக் கேட்காமல் அழுதேன் அண்ணி. டாக்டர் பிறகு சொன்ன எதுவும் எனக்குப் புதிதாக இல்லை.

கடைசி வாரங்களில் உங்கள் தம்பி தினமும் கட்டிலருகே உட்கார்ந்து, "வூட்டுக்கு வந்துடுக்கா" என்று கெஞ்சினார். "வூட்டுலதான்டா இருக்கேன்" என்றீர்கள். பேச்சு குழறிய பிறகும் அது மட்டும் தெளிவாக வந்தது. ஐப்பசியில், வெளியே தூறிக்கொண்டிருந்தபோது, உங்கள் கட்டிலிலேயே போனீர்கள். உங்கள் வாசல் வழியாக, உங்கள் சந்து வழியாகத்தான் உங்களைக் கொண்டுபோனோம். இவர் அதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அரக்கோணத்துச் சித்தப்பா போனில் சொன்னார். "கட்டிக் குடுத்த பொண்ணா இருந்தா உங்களுக்கு மூணு நாளு தீட்டோட போச்சு. கல்யாணம் ஆவாத பொண்ணு பொறந்த வூட்டு மனுஷி. ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது." எனக்குக் கோபம் வந்தது. தனி வாசலுக்காக அத்தனை போராடியவரை, போன கையோடு இந்த வீட்டுக்குள் இழுத்துப் போட்டு எழுதிவிட்டார்களே என்று. அப்படியென்றால் அந்த வீடு எதற்கு? உங்கள் தம்பியிடம் அதைச் சொல்லிச் சண்டைக்கு நின்றேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"அதுவும் அக்கா வூடு. இதுவும் அக்கா வூடுதான். நாம பண்டிகை செய்ய வேணாம்."

சங்கராந்திக்கு இந்த ஊர் காலியாகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். பாதித் தெரு பூட்டிக் கிடந்தது. இருந்தவர்கள் வாசலில் முக்கு என்று இவர்கள் சொல்லும் கோலத்தைப் பெரிது பெரிதாகப் போட்டிருந்தார்கள்; எங்கள் வாசலில் மட்டும் வெறும் தண்ணீர் தெளித்திருந்தேன். மொட்டை மாடிகளில் பட்டம் விடும் கூச்சல். நான் காலை வெயிலில் கூடத்துக்கு வந்தால் இவர் குளித்து, வேட்டி கட்டி, தரையில் ஒரு தட்டை வைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறார். மஞ்சள் கொத்து, வெல்லம், தேங்காய், ஒரு நூல் புடவை. சுவரில் கரும்பு சாத்தியிருந்தது.

"நமக்குத்தான் பண்டிகை இல்லையே" என்றேன்.

"பண்டிகை நமக்கு இல்ல. சீரு அக்காவோடது."

தட்டை எடுத்துக்கொண்டு தெருப் பக்கம் இறங்கிவிட்டார். கூட யாரும் இல்லை. அவர் மெதுவாகத்தான் நடப்பார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்து பெல் அடிப்பார். அடித்துவிட்டு நிற்பார். எதற்கு நிற்பார்? நான் கொல்லைச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பின்பக்கமாக உங்கள் வீட்டைத் திறந்து உள்ளே போனேன். மூடிக் கிடந்த அறையில் உங்கள் தைல வாசனை இன்னும் இருந்தது. முந்தானையைச் சரிசெய்துகொண்டேன், ஏன் செய்தேன் என்று தெரியவில்லை, கை தானாகச் செய்தது. பெல் அடித்தது.

வாசல் கதவைத் திறந்தேன். அவர் தட்டோடு நின்றார். என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் உள்ளே பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வெளியே போய் வரும்போதெல்லாம் நான்தான் கதவைத் திறந்திருக்கிறேன். ஒருநாளும் அவரை வரவேற்றதில்லை. புருஷனை யார் வரவேற்பார்கள்? ஆனால் அது என் வீடு இல்லை. அங்கே அவர் என் புருஷனாக வரவில்லை. உங்கள் தம்பியாக, அக்கா வீட்டுக்குச் சீர் கொண்டு வந்து நிற்கிறார். உங்கள் வாசலில் நின்று நான் சொன்னேன் அண்ணி.

"வாங்க."

தட்டை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை அழுவதுபோல அழுதார். நீங்கள் போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. பிறகு உள்ளே வந்து உங்கள் நாற்காலிக்கு எதிர் நாற்காலியில், விருந்தாளி உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். உங்கள் அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டேன். சாசரில் வைத்துக் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். போதும் என்றார்.

மாசியில் சேலத்துப் பெண் குடிவந்துவிடுவாள். அவளும் அந்த வாசலில் நின்று யார் யாரையோ கூப்பிடுவாள்; கூப்பிடட்டும், வீடு அதற்குத்தான். கொல்லைக் கதவை என் பக்கமிருந்து தாழ்ப்பாள் போட்டுவிடுவேன். அவளிடம் எனக்கு வேலை இருந்தால் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போவேன். ஆனால் பொங்கலன்று உங்கள் வாசலில் நான் சொன்ன அந்த வார்த்தை என் வாயில் உங்கள் குரலில் வந்தது, அண்ணி. எனக்கே கேட்டது. அது என்னிடமே இருக்கட்டும்; அவளிடம் சாவியை மட்டும்தான் கொடுக்கப் போகிறேன்.